ஜாமீன் கேட்கப் போன ஞாயிறு

பெண் பார்க்க வீட்டுக்கு வருவார்கள் என்றுதான் ஊரில் வழக்கம். என்னை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். கல்யாணத்துக்காக இல்லை, காலேஜுக்காக.

எண்பதுகளின் கடைசி அது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டின் பின்பக்கத்துப் போர்ஷனில் நாங்கள் மூன்று பேரும் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குக் குரோம்பேட்டையில், வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க் வேலை. அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பாள். நான் பிளஸ் டூவில் கணக்கில் நூற்றுத் தொண்ணூற்றாறு வாங்கியிருந்தேன். அதை வைத்துத் தெருவில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கெமிஸ்ட்ரி காலை வாரிவிட்டது, நுழைவுத் தேர்வு மிச்சத்தையும் முடித்துவைத்தது. அரசாங்கக் கல்லூரி எதிலும் இடம் வரவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் புதிதாக முளைத்திருந்த ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில், பணம் கட்டினால் இடம் தருகிறோம் என்றார்கள். பத்து நாள் கெடு. அதற்குள் கட்டவில்லை என்றால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அவர்கள் கேட்ட தொகை அப்பாவின் ஒரு வருஷச் சம்பளத்தை விட அதிகம். அது முதல் வருஷத்துக்கு மட்டும். அம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. அப்பா பி.எஃப். பணத்திலிருந்து எடுக்க முடிந்ததை எடுத்தார். அப்படியும் பாதிதான் தேறியது. மீதிக்கு சொசைட்டியை விட்டால் வேறு வழியில்லை.

சொசைட்டி என்பது கம்பெனித் தொழிலாளர்களே சேர்ந்து நடத்திய கூட்டுறவுச் சங்கம். கடன் கேட்டால் கொடுக்கும். ஆனால் இரண்டு உறுப்பினர்கள் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். வாங்கியவன் கட்டவில்லை என்றால் ஜாமீன் போட்டவன் சம்பளத்தில் பிடிப்பார்கள். இதில் கம்பெனிக்காரர்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சட்டத்தில் எழுதாதது, ஆனால் சட்டத்தை விடக் கறாரானது. ஜாமீன் கையெழுத்தைக் கம்பெனிக்குள் கேட்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், அவர் மனைவி எதிரில் வைத்துத்தான் கேட்க வேண்டும். என்றோ ஒரு நாள் சம்பளக் கவர் இளைத்து வந்தால், அது ஏன் என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? அதனால் போகிறவரும் மனைவியோடுதான் போக வேண்டும். எதற்குக் கடன் வாங்குகிறோமோ அதையும் காட்ட வேண்டும். வீடு கட்டுகிறவன் பத்திரத்தைக் காட்டுவான். ஆபரேஷன் என்றால் ஆஸ்பத்திரிச் சீட்டு. படிப்பு என்றால் பிள்ளையையும் மார்க் ஷீட்டையும்.

கையில் பழத்தோடு போக வேண்டும். என்ன பழம் என்பதில் முதல் நாள் சாயங்காலம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பெரிய விவாதம்.

"ஆப்பிள் வாங்கிட்டுப் போனா, இவ்ளோ காசு வெச்சிக்கிட்டு எதுக்குக் கடன் கேக்கறான்னு நெனைப்பாங்க" என்றார் அப்பா.

"வாழைப்பழம் வாங்கினா, ஒரு டஜன் வாழைப்பழத்துக்குக் கையெழுத்தான்னு நெனைப்பாங்க" என்றாள் அம்மா.

கடைசியில் சாத்துக்குடி என்று முடிவானது. இது எங்கள் வீட்டுக் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனியில் எல்லோருமே இதே கணக்கைப் போட்டு சாத்துக்குடியில்தான் வந்து நின்றிருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒருவன் வலைப் பையில் சாத்துக்குடியோடு தெருமுனையில் வந்தால், யார் வீட்டுக்கோ ஜாமீன் கேட்டு வருகிறான் என்று அர்த்தமாம்.

முதலில் மேடவாக்கம் போனோம். பஸ் இறங்கி ஏரிக்கரை ஓரமாக வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. நான் பள்ளி ஆண்டுவிழாவுக்குத் தைத்த பாவாடை தாவணியில், மார்க் ஷீட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன். அந்த வீட்டுக்காரர் டெஸ்பாட்ச் பிரிவில் அப்பாவோடு பதினோரு வருஷம் டிபன் பாக்ஸைப் பகிர்ந்துகொண்டவர். எங்களைப் பார்த்ததும் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மனைவிதான் பேசினார். காப்பி கொடுத்தார், என் மார்க் ஷீட்டை வாங்கி ஒவ்வொரு பாடமாகப் படித்துப் பாராட்டினார், தாவணியின் நிறம் நன்றாக இருக்கிறது என்றார்.

"போன மாசம்தான் அக்கா, இவரு தம்பிக்கு ஒரு கையெழுத்துப் போட்டாரு. இல்லன்னா உங்களுக்குப் போடாம யாருக்குப் போடுவாரு? பொண்ணு இவ்ளோ நல்லாப் படிக்குது. யாராவது கண்டிப்பா செய்வாங்க" என்றார்.

அந்த வீட்டுக்காரருக்குத் தம்பியே கிடையாது என்று திரும்பி வரும்போது அப்பா சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. டிபன் பாக்ஸைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார். எனக்கு அந்த அம்மாளின் மேல் அப்போது வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் செய்தது நியாயம். வழக்கமே அதற்காகத்தான் இருந்தது, மனைவி வேண்டாம் என்று சொல்வதற்காக.

இரண்டாவதாக ஊரப்பாக்கம். மின்சார ரயிலில் போனோம். அங்கே சூப்பர்வைசர் ஒருவர், ரிட்டயர் ஆக ஐந்து வருஷம் பாக்கி இருந்தவர், புதிதாக மாடி வீடு கட்டியிருந்தார். பையன்கள் இருவரும் வேலையில் இருந்தார்கள். என்னை நிற்கவைத்தே, நியூட்டனின் மூன்றாம் விதி என்ன என்று கேட்டார். சொன்னேன். உதாரணம் கேட்டார். அதையும் சொன்னேன். அப்பா கொண்டுவந்த சாத்துக்குடியிலேயே ஒன்றை உரித்துச் சுளை சுளையாகத் தின்றுகொண்டு, பெண்பிள்ளைக்கு சிவில் ஆகாது, சைட்டில் நிற்க முடியாது, எலக்ட்ரானிக்ஸ் எடு என்று அரை மணி நேரம் உபதேசம் செய்தார். அவர் மனைவி உள்ளேயிருந்து "போட்டுக் குடுத்து அனுப்புங்களேன், பாவம், வெய்யில்ல வந்திருக்காங்க" என்று சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டாரே, அது போதும். ஆனால் அந்த அரை மணி நேரம் அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் "ஆமா சார், ஆமா சார்" என்று தலையாட்டியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டோர்ஸில் ஒரு ஆணி குறைந்தாலும் யாரையும் விடாத மனுஷர் என் அப்பா.

மூன்றாவது வீடு திருநீர்மலையில். அந்த மாமா லேத் ஓட்டும் டர்னர். அப்பாவை மச்சான் என்றுதான் கூப்பிடுவார், சொந்தம் ஒன்றும் கிடையாது. மலையடிவாரத்தில் ஒரே அறையும் தாழ்வாரமுமாக ஓட்டு வீடு. எங்களைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

"இன்னா மச்சான், சாத்துக்குடியத் தூக்கிகினு வந்துட்டியா? குந்து மொதல்ல. எங்கே போடணும்?"

"இரு, தங்கச்சி வரட்டும். சொல்லிட்டுக் கேக்கறேன்" என்றார் அப்பா.

அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் அவரை அத்தை என்பேன். அப்பா தொகையைச் சொன்னார், எத்தனை மாதத் தவணை என்று சொன்னார். அத்தை எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். மாதம் எவ்வளவு கட்டுவீர்கள், முடியாமல் போனால் எங்களுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று இரண்டு கேள்வி கேட்டார். விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். பிறகு, "போடுய்யா. படிக்கிற புள்ள" என்றார்.

அவர்களுக்கும் ஒரே பெண். அம்மை போட்டு ஒரு வருஷம் வீணாகிவிட்டதால் வயதுக்கு ஒரு வகுப்பு பின்னால், அப்போதுதான் பத்தாவதுக்குப் போகிறாள். கதவோரம் நின்றவள் மெதுவாக வந்து என் மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்தாள். மேலிருந்து கீழே விரலை ஓட்டியவள் கணக்கில் வந்து நிறுத்தினாள்.

"இதுல நாலு மார்க் எங்கக்கா போச்சு?"

அதுவரை போன எல்லா வீட்டிலும் நூற்றுத் தொண்ணூற்றாறைப் பார்த்து வாயைப் பிளந்தவர்கள்தான். இவள் ஒருத்திதான் போன நாலைக் கேட்டாள். ஒரு ஜியாமெட்ரி கணக்கில் போனது என்று சொன்னேன். "நானா இருந்தா வுட்டுருக்க மாட்டேன்" என்றாள். மாமா அவள் தலையில் செல்லமாகத் தட்டினார். அன்று முழுவதும் சிரிக்காத அப்பாகூட அப்போது சிரித்தார்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது பணம் கட்டினோம். நான் காலேஜில் சேர்ந்தேன்.

அதன் பிறகு அந்தப் பெண் சில சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவாள். கணக்கில் சந்தேகம் கேட்பாள். கேட்டு முடித்ததும் என் டிராயிங் போர்டின் முன்னால் உட்கார்ந்து, மினி டிராஃப்டரை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பாள். என்னை விட அவள் கோடு நேராக வரும். "நாலு வருஷம் கழிச்சி இது எனக்குத்தான்" என்று முன்பதிவு செய்துவைத்திருந்தாள். நானும் சரி என்றிருந்தேன்.

அடுத்த வருஷம் ஃபீஸை ஏற்றினார்கள். இதில் எங்களால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. கேட்கப் போன பெற்றோர்களிடம் ஆபீஸில், விருப்பமில்லை என்றால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னார்களாம். கட்டிய முதல் வருஷப் பணம் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. அது தெரிந்த விஷயம்தான். ஒரு வருஷம் கட்டிவிட்டால் மிச்ச மூன்று வருஷமும் அவர்கள் கையில்தான் நம் குடுமி.

சொசைட்டியில் ஒரு வழி இருந்தது. பழைய கடனின் பாக்கியை அடைத்துக்கொண்டு அதை விடப் பெரிய கடனாகப் புதிதாகத் தருவார்கள். ஆனால் புதுக் கடன் என்றால் புது ஜாமீன். அதே இரண்டு பேரிடம் திரும்பக் கையெழுத்து வாங்க வேண்டும். திரும்ப ஞாயிறு, திரும்ப சாத்துக்குடி, திரும்ப நான்.

"ஞாயித்துக்கிழமை எங்கயும் போயிடாத. ஊரப்பாக்கமும் திருநீர்மலையும் போகணும்" என்றார் அப்பா.

"நான் வரல" என்றேன்.

"வராம எப்படிம்மா? வழக்கம் அது."

"வழக்கமாவது, ஒண்ணாவது! நான் என்ன வித்தை காட்டற கரடியா? அந்தாளு மறுபடி நியூட்டன் லா கேப்பாரு. இப்ப செகண்ட் இயர், தெர்மோடைனமிக்ஸ் கேப்பாரு. நீங்க நாற்காலி நுனியில உக்காந்து ஆமா சார் போடுவீங்க. அதை நான் பாத்துக்கிட்டு நிக்கணும். என்னால முடியாது."

அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டாள். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. வாசலில் கிடந்த தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலி நுனியைப் பற்றி நான் சொல்லியிருக்கக் கூடாது. அதை நான் கவனித்திருப்பேன் என்றே அவர் நினைத்திருக்கவில்லை. பத்தொன்பது வயசு வாய்க்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது?

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எங்கேயும் போகவில்லை. பெண் வராமல் தாங்கள் மட்டும் போய் நின்றால், படிப்பு என்று சொல்லிவிட்டு வேறு எதற்கோ வாங்குவதாக நினைப்பார்கள் என்று அப்பாவுக்குக் கூச்சம். திங்கட்கிழமை படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். ஊரப்பாக்கத்துக்காரரிடம் கேன்டீனில் வைத்து வாங்கினார். மாமாவிடம் நேராக லேத்துக்கே போய்விட்டார். சாயங்காலம் வந்து சொன்னார்.

"மிஷினைக்கூட நிறுத்தல. எண்ணெய்க் கையோட போட்டுட்டான். நம்ம புள்ள படிப்புக்குத்தானே, இதுக்குப் போயி வூட்டுக்கு வரணுமா மச்சான்னுட்டான்."

"தங்கச்சிகிட்ட சொல்லிடச் சொன்னீங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"சொல்லிடறேன்னான்."

படிவத்தில் அவர் கையெழுத்தின் மேல் எண்ணெய் ரேகை பதிந்திருந்ததை நானும் பார்த்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சம் என்று நினைத்தேன்.

மூன்றாம் வருஷம் ஆரம்பித்து இரண்டு மாதத்தில் கம்பெனி கேட்டில் போர்டு தொங்கியது. கதவடைப்பு. ஒரு வாரத்தில் திறந்துவிடுவார்கள் என்றார்கள். பிறகு தீபாவளிக்குள் என்றார்கள். அப்பா தினமும் காலையில் குளித்து, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, குரோம்பேட்டைக்குப் போய் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு வருவார். மாமாவும் அங்கே வருவாராம். அந்த வருஷத்து ஃபீஸுக்கு அம்மாவின் தையல் மிஷினைத் தவிர விற்க முடிந்ததை எல்லாம் விற்றோம். நான் படிப்பை நிறுத்திவிடுகிறேன் என்று ஒரு முறை சொன்னேன். "கட்டின பணம்?" என்றார் அப்பா. அவ்வளவுதான் பேச்சு. படிப்பைத் தொடரவும் வழியில்லை, நிறுத்தவும் வழியில்லை. புத்தகத்தைத் திறந்தால் எழுத்து மண்டையில் ஏறாது. மூடினால் குற்றமாக இருக்கும்.

பொங்கல் கழிந்து, கம்பெனியை மூடுவதென்றே முடிவாகி, எல்லோருக்கும் கணக்குத் தீர்த்தார்கள். பணம் கைக்கு வருவதற்கு முன்பே சொசைட்டி தன் பாக்கியைப் பிடித்துக்கொண்டது. அப்பாவுக்குச் சேர்ந்த தொகை அவருடைய பெரிய கடனுக்குப் போதவில்லை. மீதியில் பாதி ஊரப்பாக்கத்துக்காரர் தலையிலும் பாதி மாமா தலையிலும் விழுந்தது. ஊரப்பாக்கத்துக்காரர் அப்பாவை நாலு வார்த்தை கேட்டார், பையன்கள் சம்பாதிப்பதால் அதோடு விட்டார். மாமா ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அத்தை தனியாக வந்தார். கையில் பழமில்லை. நான் உள்ளறையில் டிராயிங் போர்டின் முன்னால் இருந்தேன். வெளியே வந்து "வாங்க அத்தை" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பென்சிலைக்கூடக் கீழே வைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"ரெண்டாவது வாட்டி எப்போ அக்கா கையெழுத்து வாங்கினீங்க?" என்று கேட்டார் அத்தை.

அம்மா ஏதோ மெல்லச் சொன்னாள்.

"அவரு சொல்லல எங்கிட்ட. மறந்துட்டேன்றாரு. மறந்தாரோ, பயந்தாரோ. மொத வாட்டி குடும்பமா வந்தீங்க. கணக்குப் பாத்துதான் சரின்னேன். இந்நேரம் பாதிக்கு மேல முடிஞ்சிருக்கும்னு நெனச்சிகினு இருந்தேன். இப்ப இவ்ளோ புடிச்சிகினாங்கன்னு சொன்னா எனக்குத் தலையும் புரியல, காலும் புரியல."

"எங்க தப்புதாம்மா" என்றாள் அம்மா.

"ரெண்டாவது வாட்டி வந்திருந்தீங்கன்னா வேணாம்னு சொல்லிருப்பேன் அக்கா. மூஞ்சிக்கு நேரா சொல்லிருப்பேன். எனக்கும் ஒரு பொண்ணு பதினொண்ணாவதுக்கு வர்றாளேன்னு சொல்லிருப்பேன். அது தப்பா?"

"தப்பே இல்ல."

அத்தை அழவில்லை. அம்மாதான் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து அத்தையே அம்மாவைத் தேற்றிவிட்டு, இரண்டரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். நான் அன்று வரைந்த படத்தைப் பிறகு பார்த்தேன். ஒரே கோட்டின் மேல் திரும்பத் திரும்பப் போட்டு காகிதம் கிழிந்திருந்தது.

அந்த சனிக்கிழமையிலிருந்து அந்தப் பெண் வருவது நின்றுபோனது. பன்னிரண்டாவது பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு வா என்று அம்மா சொன்னாள். போகிறேன், போகிறேன் என்றேன். திருநீர்மலை பஸ்ஸில் ஒரு முறை ஏறியும் விட்டேன். பல்லாவரத்தில் இறங்கித் திரும்பி வந்துவிட்டேன். அத்தையின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. உண்மை அதுதான்.

அப்பாவுக்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு இரும்புக் கடையில் பில் போடும் வேலை கிடைத்தது, பழைய சம்பளத்தில் பாதிக்கு. மாமா பல்லாவரத்தில் ஒரு சின்னப் பட்டறையில் தினக்கூலிக்கு லேத் ஓட்டினார். மாதம் பிறந்ததும் அப்பா ஒரு சின்னத் தொகையைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு திருநீர்மலைக்குப் போவார். அந்தக் கவர் அந்தக் கடனுக்கு எந்த மூலைக்கு? ஆனாலும் போவார்.

ஜூன் மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. அந்தப் பெண்ணின் பரீட்சை நம்பர் எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை. நான் நாலாம் வருஷத்துக்குப் போகக் காத்திருந்தேன். சொசைட்டி தொட முடியாத அப்பாவின் பி.எஃப். மிச்சத்தோடு அம்மாவின் அக்காவிடம் வாங்கியதும் சேர்ந்து அந்த ஃபீஸுக்கு ஆகியிருந்தது. ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஜன்னல் பக்கம் நின்றிருந்த அப்பா சட்டென்று பின்வாங்கினார்.

"அவங்க வர்றாங்க" என்றார். "கையில சாத்துக்குடி."

எட்டிப் பார்த்தேன். தெருமுனையில் மாமாவும் அத்தையும். மாமா கையில் வலைப் பை, பச்சையும் மஞ்சளுமாகப் பழம். எங்கள் மூன்று பேருக்கும் ஒரே எண்ணம்தான். ரிசல்ட் வந்த சமயம். பெண் படிப்புக்கு எங்கேயோ கடன் கேட்டிருக்கிறார்கள், அதற்கு ஜாமீன் கேட்டு வருகிறார்கள். முறைப்படி வருகிறார்கள், நாங்கள் போகாமல் விட்டது போல இல்லாமல். அம்மா பாலுக்குச் சில்லறையைத் தேடினாள். அப்பா நாற்காலியைத் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். நான் அவர்களுக்குப் பின்னால் அந்தப் பெண் வருகிறாளா என்று பார்த்தேன். காணவில்லை. பின்னால் மெதுவாக வருவாள் என்று நினைத்துக்கொண்டேன். பிளாஸ்டிக் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு வருவாள். வந்தால் அவளை நிற்கவைக்கக் கூடாது, முதலில் உட்காரச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அவர்கள் உள்ளே வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா பேச ஆரம்பித்துவிட்டார்.

"மச்சான், நான் எதுலயும் மெம்பர் இல்லடா இப்ப. பர்மனென்ட் வேலையும் இல்ல. நான் கையெழுத்துப் போட்டா எவனும் ஏத்துக்க மாட்டான். போட முடிஞ்சா உனக்குப் போடாம யாருக்குப் போடுவேன்? என்னை மன்னிச்சுடு."

மேடவாக்கத்தில் கேட்ட அதே வார்த்தை. அங்கே அது பொய், இங்கே உண்மை. வித்தியாசம் அவ்வளவுதான்.

மாமா அப்பாவின் தோளைப் பிடித்து அழுத்தினார். "இன்னா மச்சான் நீ. குந்து மொதல்ல. அதுக்கு வரல."

அத்தை, "ஒரு தட்டு குடுங்க அக்கா" என்று அம்மாவிடம் கேட்டு வாங்கினார். சாத்துக்குடியை அடுக்கினார். பையிலிருந்து வெற்றிலை, பாக்கு, பூ எடுத்து வைத்தார். எல்லாவற்றுக்கும் மேலே, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு பத்திரிகையை வைத்தார். ஆவணி மாதம், மலையடிவாரத்துச் சத்திரத்தில் கல்யாணம்.

அம்மாதான், எதையாவது கேட்க வேண்டுமே என்று, "பொண்ணைக் கூட்டிட்டு வரலியா?" என்றாள்.

"இதுக்குக் கல்யாணப் பொண்ணக் கூட்டிகினு வருவாங்களா அக்கா?" என்றார் அத்தை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பையன் பூந்தமல்லியில் மோட்டார் உதிரி பாகக் கடை வைத்திருக்கிறானாம். நல்ல இடமாம். ஒன்றும் கேட்கவில்லையாம். "பதினெட்டு முடிஞ்சிடுச்சி. தானா வந்த எடம். நாலு வருஷம் படிக்க வெச்சி, நடுவுல இவருக்கு எதுனா ஒண்ணு ஆச்சின்னா பேஜாராப் பூடும். கையில ஒண்ணும் இல்லாம நான் எப்டிக்கா ஆரம்பிக்கறது?" என்றார் அத்தை. யாரும் கேட்காத கேள்விக்கு அவரே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இன்ஜினியரிங்குக்கு அப்ளிகேஷன் போட்டாளா என்று நான் கேட்டேன். வாங்கவே இல்லை என்றார்.

எனக்கு அவர்கள் என்னை நாலு அறை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. அத்தை வேண்டாம் என்று சொல்ல ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது. அதை என் வாயால் நான் கெடுத்தேன். அதை அத்தைக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா தன் மறதி, தன் கூச்சம் என்று எல்லாப் பழியையும் தானே எடுத்துக்கொண்டிருந்தார். அன்றாவது நான் சொல்லியிருக்கலாம்.

கிளம்பும்போது அத்தை ஏதோ நினைவு வந்தவராகப் பைக்குள் கையை விட்டார்.

"மறந்தே பூட்டேன். இத ஒங்கிட்ட காட்டிட்டு எடுத்துகினு வரச் சொன்னா. அக்கா மொதல்ல காட்டினாங்க, நானும் காட்டணும்னா."

பிளாஸ்டிக் கவர். உள்ளே மார்க் ஷீட். வாங்கி மேலிருந்து கீழே விரலை ஓட்டினேன். தமிழ், இங்கிலீஷ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, எல்லாமே என்னுடையதை விட அதிகம். கணக்கில் நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

அப்பாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அம்மா பார்த்தாள். ஜாமீன் கேட்கப் போன வீடுகளில் என் மார்க் ஷீட் சுற்றி வந்தது போலவே அதுவும் ஒரு சுற்று சுற்றி என் கைக்கு வந்தது. அந்த ஒரு மார்க் எங்கே போனது என்று கேட்க வேண்டும் போலிருந்தது. பதில் சொல்ல வேண்டியவள் வரவில்லை. கவருக்குள் திரும்ப வைத்து அத்தையிடம் கொடுத்தேன்.